தபால் சுரங்கத்தில் நாலு தேசிக்காய்

“உங்கடை சாவியைத் தாங்கோ.”

சாம்பவி கேட்டே விட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த தியாகலிங்கத்துக்குக் கோப்பி புரையேறியது.

ஏறாமல் என்ன செய்யும்? ‘தியாகா துப்பறியும் நிலைய’த்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி தியாகலிங்கம் விரலை நீட்டி விதித்த ஒரே சட்டம் அது. “சந்தேகப்படுற ஆளின்ரை சட்டைப்பையை உதறு, குப்பையைக் கிளறு, கேக்கிறதுக்கு ஆளில்லை. ஆனால் எங்களைக் கூலிக்குப் பிடிச்ச ஆளிட்டை மட்டும் சாவி கேக்காதை. கேட்டால் அந்த ஆளையும் சந்தேகப்படுறாய் எண்டு அர்த்தம்.” கூலி தருகிறவன் களவெடுக்க மாட்டான் என்பது அவருடைய வேதம். ஸ்காபரோவில் ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில் குந்திக்கொண்டு, ஊரார் புருசன்மாரின் காருக்குப் பின்னால் கார் விட்டே காலம் தள்ளிய மனிதருக்கு இதைவிடப் பெரிய வேதம் எதற்கு?

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரியந்தன் சிரித்தார். கலியாண மண்டபத்து விளம்பரப் பலகைகளில் சிரிக்கிற அதே சிரிப்பு. அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு, பழைய மாணவர் இரவுவிருந்து, எதற்கும் அனுசரணை அவர்தான்; எல்லா மேடையிலும் அவருடைய படம் பிள்ளையாரின் படத்தைவிட ஒரு சாண் பெரிது. ரொறன்ரோவின் தெற்கே, ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய தபால் கட்டடத்தை வாங்கியிருந்தார். ஒருகாலத்தில் முத்திரை விற்ற, இப்போது அவர்கள் கூடியிருந்த மண்டபத்தின் நடுவே அவருடைய நாற்பது மாடிக் கொண்டோ அடுக்குமாடியின் அட்டை மாதிரியுரு நின்றது. சுற்றிவரப் பிளாஸ்ரிக் மரங்கள். மரத்தடியில் பிளாஸ்ரிக் மனிதர்கள். ஒருவன்கூடத் தமிழன் நிறத்தில் இல்லை.

“என்ரை சாவி ஏன் பிள்ளை? கள்ளன்ரை சாவியை நான் பறிச்சு உங்களிட்டைத் தந்திட்டனே?”

“அதாலை கீழை போனால் கள்ளன் பாத்ததைத்தான் நானும் பாப்பன். உங்கடையைத் தாங்கோ.”

“பிள்ளை கொஞ்சம் படிச்சது, அண்ணை,” என்று தியாகலிங்கம் குழைந்தார். “குற்றவியல் பட்டம். அவையின்ரை குடும்பத்திலை முதல்முதல் யூனிவேசிற்றி போனது. அதுதான் கொஞ்சம்...”

கொஞ்சம் என்ன என்று அவர் முடிக்கவில்லை. அவளுடைய பட்டத்தை அவர் வைத்திருந்தது இரண்டு வேலைக்குத்தான். வாடிக்கையாளர் வரும்போது சுவரைக் காட்டிப் புளுக. அவள் வாய் திறக்கும்போது மன்னிப்புக் கேட்க.

வாசல் தூணில் சாய்ந்து நின்ற ஜெனோசன் தொண்டையைச் செருமினான். சாம்பவிக்கு உதவியாள் என்று அவனுக்குச் சம்பளம். பகிடிக்குச் சம்பளம் தனி என்றால் அவன் இந்நேரம் பணக்காரர் வாழும் யூனியன்வில்லில் வீடு வாங்கியிருப்பான்.

“அண்ணை, குடுத்து விடுங்கோ. இண்டைக்கு ஏற்கெனவே ஒரு அலாரம் அடிச்சு ஓய்ஞ்சது. இவ ரெண்டாவது.”

அது உண்மை. வெள்ளிக்கிழமைகளில் தியாகலிங்கம் அலுவலகத்தில் கற்பூரம் கொளுத்துவார். கொளுத்துமுன் கதிரையில் ஏறி, கூரையில் உள்ள புகை அலாரத்துக்கு மஞ்சள் வாத்துப் படம் போட்ட குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிடுவார். இன்று காலையில் தொப்பியைக் காணவில்லை. ‘சும்மா ஒரு சொட்டுக் கற்பூரந்தானே’ என்று துணிந்து கொளுத்தினார். அலாரம் குளறியது. கீழே பாதி பிடுங்கிய பல்லோடு ஒரு கிழவர் தெருவுக்கு ஓடினார். பல்வைத்தியர் முகக்கவசத்தோடேயே மேலே ஏறி வந்து, தமிழருக்குத் தெரியாத சொற்களால் அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

பிரியந்தன் சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மேசையில் எறிந்தார். “போய்ப் பாருங்கோ. கீழை இருக்கிறது ஒரு ஓட்டையும் எலியும். பின்னேரம் ரிப்போட் என்ரை கையிலை இருக்கவேணும். பொலிசுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.”

தேங்காய்ப் பாதியை நாய்க்கு எறிவதுபோல எறிந்த சாவி. சாம்பவி நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டாள்.

விசயம் இதுதான். அந்தக் கட்டடத்துக்கு அடியிலிருந்து ரயில் நிலையம்வரை ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதற்குள் குட்டித் தண்டவாளம். முன்னொரு காலத்தில் நகரத்தின் கடிதமெல்லாம் சாக்குச் சாக்காக இதற்குள்ளால்தான் போய் ரயிலேறியது. பிறகு லொறிகள் வந்தன, சுரங்கத்தைப் பூட்டினார்கள், நகரமும் மறந்துபோனது. மிஞ்சியது ஒரேயொரு வண்டி: நாலு சில்லு, சிவப்புப் பூச்சு, ஆளுயர இரும்பு. போன நீண்ட வாரவிடுமுறையில் அதைக் காணவில்லை. இரண்டே இரண்டு சாவிகள். ஒன்று பிரியந்தனிடம், மற்றது சுரங்கத்துக்கு வெளிச்சம் போட வந்த மின்வேலைக்காரர் நிலாமிடம். வண்டியை எரிவாயுச் சுவாலையால் துண்டு துண்டாக வெட்டி, லிஃப்ற்றில் மேலே கொண்டுவந்து, பிறம்ரனில் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார் நிலாம் என்பது பிரியந்தனின் கதை. அந்தக் கதை துப்பறியும் நிலையத்தின் பெயர் பொறித்த கடுதாசியில் அறிக்கையாக வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

கட்டடத்தின் பின்வளவில் ஒரு புத்தம்புதுக் கிண்டும் இயந்திரம் நின்றது. நெற்றியில் சந்தனம், கழுத்து என்று எதைச் சொல்வதோ அதில் பூமாலை, இரும்புப் பட்டிக்குக் கீழே நசிந்த தேசிக்காய்கள். காற்றில் எலுமிச்சை மணத்தது.

“கடவுளே,” என்றான் ஜெனோசன். “மண் வெட்டுற மெசினுக்கும் பூசையோ?”

“பக்கத்திலை பிரியந்தன்ரை றக்கைப் பார்.”

கறுப்பு றக்கின் ரயர்களிலும் காய்ந்த தேசிக்காய்ச் சக்கை அப்பியிருந்தது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் புதுக் கார்களுக்கு நடக்கிற சடங்குதான். சில்லுக்கு ஒரு தேசிக்காய், உருட்டி நசித்தால் தடங்கல் நசியும். ஆனால் இந்த மனிதருக்குப் புதுசு பழசு என்ற வித்தியாசமே இல்லைப் போலிருந்தது. தேசிக்காய் நசிக்காமல் ஒரு சில்லும் அவருக்காக உருளாது.

“இவர் சின்னனிலை மூண்டு சில்லுச் சைக்கிள் ஓடியிருந்தால் ஊரிலை ஊறுகாய்க்கு ஒண்டும் மிஞ்சியிராது,” என்றான் ஜெனோசன்.

வேலிக்கு வெளியே தன் வானின் படியில் நிலாம் குந்தியிருந்தார். அவருடைய கருவிப்பெட்டி உள்ளே பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு மூன்று நாளாக வருகிறார், காவலாளி விடுகிறான் இல்லை. சாம்பவியைக் கண்டதும் எழுந்தார்.

“என்ன புள்ள, இன்னமும் நான்தானா கள்ளன்?”

“பின்னேரம்வரைக்கும் நீங்கள்தான், நானா. அதுக்குள்ளை வேறை ஆளைத் தேடுறன்.” முஸ்லிம் அண்ணன்மாருக்கு அவள் ஊரில் ‘நானா’தான் முறை.

“தேடு புள்ள. அடுத்த கிழமை எனக்குப் பிரஜாவுரிமைச் சத்தியம். வழக்கொண்டு விழுந்தா அது நிண்டுபோகும். என்ட பொஞ்சாதி நஸ்லியா எனக்குக் கோட்டும் டையும் வாங்கி வெச்சிருக்கா. பதினொரு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்த நாள்.” சொல்லும்போதே கழுத்தைத் தடவினார், டை இப்போதே இறுக்குவதுபோல. “வெட்டினதாம்! நான்தானே உள்ளுக்குப் புகை அலாரம் பூட்டினது. ஃபயர் பிரிகேட்டுக்கு நேரடி லைன். தீக்குச்சி கீறினாலே லொறி வந்து நிக்கும். அண்டைக்கு லொறி வந்ததா எண்டு யாராச்சும் கேட்டாங்களா?”

“நான் கேட்டனான். வரேல்லை.”

“கேட்டியா?” என்றார் நிலாம்.

இரும்புக் கதவைத் திறந்து படியிறங்கும்போது ஜெனோசன் கேட்டான்: “மேடம், எனக்கொரு சந்தேகம். வண்டில் காணாமல் போனதாலை இந்த மனுசனுக்கு என்ன நட்டம்?”

“நட்டமோ? காலமை நகரசபையிலை மரபுரிமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தனான். வண்டில் உள்ளை இருக்கும் மட்டும் சுரங்கத்திலை ஒரு ஆணி அடிக்கேலாது. பழம்பொருள். வண்டில் இல்லாட்டி இது வெறும் கிடங்கு. நாளைக்கு விடியச் சுரங்கத்தை மூடக் கொங்கிறீற் லொறி வருது.”

“ஓ. அப்ப களவு போனதுக்கு அவர் கள்ளனுக்கு மாலை எல்லோ போடவேணும்?”

“அதாலைதான் அவரின்ரை சாவியைக் கேட்டனான். ரெண்டு சாவியும் எங்களிட்டை இருந்தால் அவர் கீழை இறங்கேலாது.”

சுரங்கம் வெள்ளை ஓடு பதித்த தொண்டைபோல நீண்டது. நிலாம் பூட்டிய விளக்குகள் எரிந்தன. இந்தப் பக்கம் லிஃப்ற்; அந்தப் பக்கம் சீமெந்துக் கல்லுச் சுவர். சுரங்கத்தை மூடின காலத்திலேயே ரயில்காரர் கட்டின சுவர் அது என்று பிரியந்தன் சொல்லியிருந்தார். நடுவில் தண்டவாளம், செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தது.

வண்டி நின்ற இடத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. தண்டவாளத்தில் நாலு இடத்தில் மட்டும் துரு இல்லை. சில்லுகள் காலாகாலமாய் இருந்து மூடிய இடம், உள்ளங்கை அகலத்துக்குப் பளபளத்தது. சாம்பவி குந்தினாள். இரும்புத்தூள் இல்லை, சுட்ட அடையாளம் இல்லை. ஒரு ஓட்டில்கூடக் கரி படவில்லை.

“இஞ்சை ஒண்டையும் ஒருத்தரும் வெட்டேல்லை.”

“மேடம், உதென்ன? எலியின்ரை லஞ்சோ?”

பளபளத்த இடத்துக்கு அருகில் தண்டவாளத்தோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது ஒரு சக்கை. வெளிறிய பச்சைத் தோல், நசிந்த விதை. சாம்பவி கிள்ளி மணந்து பார்த்தாள். பிறகு மற்றச் சில்லின் இடத்தைப் பார்த்தாள். மற்றதை. மற்றதை. நாலு சில்லுக்கு நாலு தேசிக்காய்.

ஜெனோசன் மெதுவாகச் சீழ்க்கையடித்தான். “களவெடுக்கப் போன இடத்திலையும் பூசை. நிலாம் நானா பள்ளிவாசலுக்குப் போற மனுசன். அவர் தேசிக்காயைத் தேத்தண்ணிக்குள்ளைதான் பிழிவார்.”

“அது மட்டுமில்லை. வடிவாய்ப் பார். தேசிக்காயை எங்கை வைக்கிறது?”

“சில்லுக்குக் கீழை.”

“மொக்கு. சில்லுக்கு முன்னாலை. வண்டில் போகப்போற பக்கம். லிஃப்ற் பக்கமோ கிடக்குது?”

இல்லை. நாலும் பளபளத்த இடங்களுக்கு அந்தப் பக்கத்தில், சுவர்ப் பக்கமாக நசிந்திருந்தன. ஜெனோசன் தேசிக்காயைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், திரும்பவும் தேசிக்காயைப் பார்த்தான்.

“அப்ப வண்டில் வெளியிலை போகேல்லை.”

“உள்ளைதான் போச்சு. அதுக்குப் பிறகுதான் சுவர் வந்தது.”

கிட்டப் போனார்கள். ரயில்காரர் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய சுவரில் ஜெனோசன் நகத்தால் கீறினான். பூச்சு ஈரமாய் உதிர்ந்தது. “ஆறாத புட்டு மாதிரி இருக்கு,” என்றான். அடியில் ஒரு கம்பிக்குழாய்க்கு விட்ட ஓட்டை. சாம்பவி குப்புறப் படுத்து, தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டாள்.

சிவப்பு இரும்பு. நாலு சில்லு. முகப்பில் மூன்று குறியாகத் திருநீறு. அதற்கு மேலே வாடிய செவ்வந்தி மாலை.

“மாலை போட்டு உயிரோடை சமாதி கட்டியிருக்கிறாங்கள்,” என்றாள். சிரிப்பு வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. ஒரு மனிதனின் தலையில் களவைக் கட்ட நல்ல நேரம் பார்த்திருக்கிறார்கள். இரும்புக்கு மாலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள். பேரம்கூடப் பேசியிருப்பார்கள்.

படம் எடுத்தாள். எழுந்து தூசி தட்டும்போதுதான், “மேடம்” என்று ஜெனோசன் கூப்பிட்டான். குரலில் பகிடி இல்லை. அவன் குரல் பகிடி இல்லாமல் அவள் கேட்டதே இல்லை.

வண்டி நின்ற இடத்துக்கு நேர்மேலே அவன் அண்ணாந்து நின்றான். கூரையில் நிலாம் பூட்டிய புகை அலாரம். பூசைக்குக் கற்பூரம் கொளுத்தியவன் அதை மூடாமல் கொளுத்தியிருக்க முடியாது. மூடித்தான் இருந்தான். போகும்போது கழற்ற மறந்துவிட்டான்.

சாம்பவியும் அண்ணாந்து பார்த்தாள்.

“கழற்று,” என்றாள் சாம்பவி. “முதல்லை ஒரு படம் எடுத்திட்டு.”

மேலே மண்டபத்தில் பிரியந்தனும் தியாகலிங்கமும் மைலோவும் மிக்சருமாக இருந்தார்கள். சாம்பவி தொலைபேசியை மேசையில் வைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தேசிக்காய். சுவர். திருநீறு. மாலை.

பிரியந்தனின் சிரிப்பு அணையவில்லை. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். “கெட்டிக்காரி. ஓம், வண்டில் உள்ளைதான். என்ரை காணி, என்ரை சுவர். அதுக்கு இப்ப என்ன?”

“அப்ப களவு?”

“யாரோ ஒருத்தன் எடுத்ததெண்டு சொல்லாட்டி நகரசபை தேடுமே! அவனை நான் என்ன கொலையே செய்தனான்?” மேசையில் சாய்ந்தார். “பிள்ளை, உன்னை மாதிரி ஆள் எனக்குத் தேவை. என்ரை கட்டடம் எல்லாத்துக்கும் பாதுகாப்புப் பொறுப்பு நீ. பன்ரண்டாம் மாடியிலை வீடும் தாறன்.”

“பிளாஸ்ரிக் மரத்தோடையோ?”

தியாகலிங்கம் பாய்ந்து எழும்பினார். “அண்ணை, இதைப்பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. சத்தியமா...”

“அங்கிள், இருங்கோ,” என்றாள் சாம்பவி. “இன்னும் ஒரு சாமான் இருக்கு.”

காற்சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். விரித்தாள். நாற்பது மாடிக் கோபுரத்தின் உச்சியில் அழகாக மாட்டிவிட்டாள். மஞ்சள் வாத்துகள் ரொறன்ரோவைப் பார்த்து வரிசையாக நீந்தின.

தியாகலிங்கத்தின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. காலையில் அலாரம் குளறியபோதுகூட அவர் அப்படி நிற்கவில்லை.

“தேடினனீங்கள் எல்லோ?” என்றாள். “சுரங்கத்திலை இருந்தது.”

பிரியந்தன் தியாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு கால நட்பும் கரைந்துபோனது. “மறந்துபோய் விட்டிட்டு வந்தனீரோ?”

“பிள்ளை, கேள்,” என்று தியாகலிங்கம் கையைப் பிசைந்தார். “நான் களவெடுக்கேல்லை. நல்லபடியா மூடவேணும், ஒரு நேரம் பாத்துச் சொல்லும் எண்டார். தேசிக்காய் வைச்சு ஒரு கற்பூரம் காட்டினன். பூசை மட்டுந்தான் நான்.”

“ரிப்போட்டும் நீங்கள்தானே? நிலாம் கள்ளன் எண்டு எழுதச் சொன்னது?”

“அவனுக்கு என்ன? அவங்கடை ஆக்கள் சேர்ந்து லோயர் பிடிப்பினம். எங்கடை ஆக்கள் மேலை வாற நேரத்திலை நாங்கள்தானே...”

“காணும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “இரும்பு வண்டிலுக்குத் தடங்கல் வரக்கூடாதெண்டு நாலு தேசிக்காய் நசிச்சனீங்கள். சத்தியம் எடுக்கப்போற மனுசன் வெளியிலை குந்தியிருக்கிறார், அவருக்கு நீங்கள் தேடின ஒரே வழி பொலிஸ். உங்களைத் திட்டுறதுக்கு நல்ல சொல்லொண்டும் எனக்கு வருகுதில்லை, அங்கிள். அந்தப் பல்வைத்தியரைத்தான் கூப்பிடவேணும்.”

தியாகலிங்கத்துக்கு இப்போது கோபம் வந்தது. வேறு வழி இல்லாதவனுக்கு வருகிற கோபம். “வெளியிலை போனாயெண்டால் உன்னை வேலைக்கு எடுக்க இந்த ஊரிலை ஒரு நிலையம் இராது. நிலையம் இல்லாட்டி உன்ரை லைசென்ஸ் வெறும் மட்டை. சுவரிலை இருக்கிற பட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் கோழித் தொழிற்சாலையிலை கொப்பருக்குப் பக்கத்திலை நில். நானே அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுறன்.”

“எடுங்கோ. கேக்கக்கூடாத ஆளிட்டைக் கேக்கக்கூடாததைக் கேட்டவள் எண்டு சொல்லுங்கோ. அப்பாவுக்குச் சந்தோசமாய் இருக்கும்.”

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டாள். தொப்பியையும் கோபுரத்திலிருந்து கழற்றி எடுத்தாள். யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. கீழே குப்புறப் படுத்திருந்தபோதே யோசித்து முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை பின்னேரம், மரபுரிமை அலுவலகம் இன்னும் திறந்திருக்கும்.

“சாவி!” என்று பிரியந்தன் கத்தினார். விளம்பரப் பலகைச் சிரிப்பு இப்போது முற்றாகக் கழன்றிருந்தது. “என்ரை சாவியை வைச்சிட்டுப் போ!”

சாம்பவி வாசலில் திரும்பினாள்.

“கேக்கக்கூடாதெண்டு ஒரு சட்டம் இருந்தது, அண்ணை. கேட்டு வாங்கினால் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரேல்லை.”

நடந்தாள். பின்னால் ஜெனோசனின் சப்பாத்துச் சத்தம் ஓடிவந்தது. “மேடம், கார் கொம்பனியின்ரை. இனித் தொடேலாது. நடந்தோ போறம்?”

“நடந்துதான்.”

“அப்ப ஒரு தேசிக்காய் வாங்குவமோ? சப்பாத்துக்கு?”

அவள் வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பி, வான் படியிலிருந்து எழுந்து நின்ற மனிதரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “நானா, கோட்டை ஸ்திரி போட்டு வையுங்கோ!”

சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, நகரசபை இருக்கிற வடக்குப் பக்கம் திரும்பினாள்.